டர்போ எஞ்சினும் பெற்றோல் பஞ்சமும்

கொல்லன் உலையைக் கண்டோர் ஒன்றைக் கவனித்திருப்பர். துருத்தி மெல்ல ஊதப்படும்போது கரி மெல்ல எரிகிறது. விரைந்து ஊதப்படும்போது கரியும் விரைந்து தீர்கிறது. துருத்தி ஊதுபவன் வேகத்தைக் கூட்டினால், கரி இடுபவனும் தன் கையை விரைவாக்கியே ஆகவேண்டும். டர்போ பூட்டிய மோட்டார் வண்டியின் எஞ்சினிலும் இவ்விரு வேலைகள் நடைபெறுகின்றன. வளியை ஊதுவது ஒன்று. பெற்றோலை இடுவது மற்றொன்று. ஓட்டுநர் அக்சிலேற்றரை அடிமட்டம் வரை மிதிக்கும் வேளையில் முன்னது முழு வேகத்தில் ஊத, பின்னது சோர்ந்துபோனால் நிகழ்வது யாது, அச்சோர்வின் காரணத்தைக் கண்டுபிடிப்பது எவ்வாறு என்பதே இப்பேச்சின் பொருள்.

டர்போ என்பது புதிய கருத்தன்று. சுவிற்சர்லாந்து நாட்டுப் பொறியியலாளர் அல்பிரட் பூகி அதற்கான காப்புரிமையை 1905ஆம் ஆண்டிலேயே பெற்றார். எஞ்சினிலிருந்து வீணே வெளியேறும் சூடான புகை ஒரு சிறு சுழலியைச் சுழற்றுகிறது. அதே அச்சின் மறுமுனையிலுள்ள சக்கரம் வெளிவளியை உறிஞ்சி, அமுக்கி, சிலிண்டர்களுக்குள் தள்ளுகிறது. அந்த அச்சு நிமிடத்துக்கு ஓர் இலட்சம் சுற்றுக்கு மேலாகச் சுழல்வதும் உண்டு. கப்பல்களிலும் ஆகாய விமானங்களிலும் இருந்த இவ்வமைப்பு, 1962இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த இரு கார்களில் இடம்பிடித்தது. அவற்றுள் ஒன்றாகிய ஓல்ட்ஸ்மொபில் ஜெட்பயர் வண்டியின் கதை இங்கே கருதத்தக்கது. அதன் 3.5 லீற்றர் அலுமினிய எஞ்சினின் அமுக்க விகிதம் 10.25. டர்போ பூட்டிய அக்கால எஞ்சினுக்கு அது மிக அதிகம். ஆதலின் வெப்பத்தைத் தணிக்க, தண்ணீரும் மெதனோலும் கலந்த ஒரு திரவத்தைத் தனித் தொட்டியில் வைத்து, டர்போ ஊதும்போது வளியுடன் சேர்த்து உட்செலுத்தினர். தொட்டி வெறுமையானால் டர்போவின் அமுக்கத்தைத் தானே குறைத்துவிடும் காவல் ஏற்பாடும் இருந்தது. உரிமையாளர் பலர் தொட்டியை நிரப்ப மறந்தனர். பின்னர் வண்டியில் வலு இல்லையென்று முறையிட்டனர். 1963உடன் அவ்வண்டியின் உற்பத்தி நின்றது.

பின்வந்த டர்போ எஞ்சின்களிற் பெரும்பாலானவற்றில் தனித் தொட்டியும் இல்லை, விசேட திரவமும் இல்லை. வெப்பத்தைத் தணிக்கும் அவ்வேலையிற் பெரும்பகுதி பெற்றோலிடமே ஒப்படைக்கப்பட்டது. இதனை மனத்திற் கொண்டாலன்றி மேலே கூறப்படுபவை விளங்கா.

ஒரு கிலோ பெற்றோல் மிச்சமின்றி எரிவதற்கு ஏறத்தாழ 14.7 கிலோ வளி வேண்டும். கனவளவிற் கூறின், ஒரு லீற்றர் பெற்றோலுக்குச் சுமார் 9,000 லீற்றர் வளி. சமதரையில் இலேசாக ஓடும் வண்டியின் கணினி இந்த 14.7 என்னும் விகிதத்தையே காத்து நிற்கும். ஆனால் டர்போ முழு அமுக்கத்தில் ஊதும்போது விகிதத்தை 12க்கு அண்மையாக, சில எஞ்சின்களில் 11.5 வரையும் இறக்கி வைப்பது வழக்கம். அதாவது, எரிவதற்கு வேண்டிய அளவுக்கு மேலாக ஐந்திலொரு பங்குக்கும் சற்றுக் கூடிய பெற்றோல் உள்ளே செல்கிறது. அந்த மிகைப் பெற்றோல் எரிவதற்கு அன்று. ஆவியாகி வெப்பத்தைக் குடிப்பதற்கு.

உலையிற் கரி குறைந்தால் தீ தணியும். எஞ்சினில், இந்த எல்லைக்குள், நேர்மாறாக நடக்கும். பெற்றோல் குறையக் குறைய வெப்பம் ஏறும். தகனச் சுவாலையின் வெப்பநிலை 2,000 பாகையைத் தாண்டும். பிஸ்டனுக்கு உரிய அலுமினியமோ 660 பாகையில் உருகிவிடும். எனினும் பிஸ்டன் உருகாமல் இருப்பதற்குக் காரணங்கள் இரண்டு. கீழிருந்து எண்ணெய் வெப்பத்தை வாங்கிச் செல்கிறது. மேலே பிஸ்டனின் முகத்தை ஒட்டி, சற்றுக் குளிர்ந்த மெல்லிய வாயுப்படலம் ஒன்று போர்வைபோல் நிற்கிறது. கலவை மெலிந்து வெப்பம் மிகுந்தால், தீப்பொறியிலிருந்து பரவும் சுவாலை வந்து சேருமுன்னரே, மூலையில் ஒதுங்கிய கலவை தானாகவே வெடித்துவிடும். கராஜ்களில் இதனை ‘நொக்கிங்’ என்பர். ஆங்கிலப் பொறியியலாளர் ஹரி ரிக்காடோ இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் நுணுகி ஆராய்ந்த நிகழ்ச்சி இது. அவ்வெடிப்பின் அதிர்ச்சி அலைகள் வாயுப்படலமாகிய போர்வையைத் துடைத்தெறிந்துவிடுகின்றன. அதன்பின் பிஸ்டனின் விளிம்பு அரிக்கப்படுவதற்கு நெடுநேரம் வேண்டியதில்லை. முழு அமுக்கத்திற் சில விநாடிகளே போதும்.

இனி, வகைமாதிரியாக ஒரு வண்டியை எடுத்துக்கொள்ளலாம். இரண்டு லீற்றர் கொள்ளளவும் நான்கு சிலிண்டர்களும் கொண்டது. 1990களில் ஜப்பானிலும் ஐரோப்பாவிலும் பெருவாரியாகச் செய்யப்பட்ட வகை. நகரத்துக்குள் அதன்மேல் எக்குறையும் இல்லை. நிறுத்துமிடத்தில் எஞ்சின் அமைதியாக இயங்குகிறது; பெற்றோற் செலவும் வழக்கம்போலவே. ஆனால் நெடுஞ்சாலையில் மற்றொரு வண்டியை முந்துவதற்கு அக்சிலேற்றரை முற்றாக மிதித்தால், முதலில் விரைந்து பாய்ந்து, பின்னர் ஏதோ கையாற் பிடித்து இழுத்தாற்போல் தளர்கிறது. சில வேளைகளில், தகரப் பேணியிற் சிறு கற்களைக் குலுக்கினாற்போன்ற ஓசையும் கேட்கிறது. எச்சரிக்கை விளக்கு எரியவில்லை.

விளக்கு எரியாமையைக் கண்டு ஆறுதல் கொள்வது பெருந்தவறு. அவ்வகை வண்டிகளின் ஒட்சிசன் உணரி, கலவை 14.7க்கு இப்பாலா அப்பாலா என்பதை மட்டுமே அறியும். பொஷ் நிறுவனத்தின் அவ்வுணரி 1976இல் வொல்வோ கார்களில் வந்தபோது அதன் நோக்கம் புகையைத் தூய்மையாக்குவதேயன்றி, முழு வலுவில் எஞ்சினைக் காப்பதன்று. ஆதலின் அக்சிலேற்றர் முற்றாக மிதிபட்டவுடன் கணினி உணரியின் சொல்லைக் கேட்பதை நிறுத்திவிட்டு, தன்னுள் எழுதிவைத்த அட்டவணையின்படி பெற்றோலை அளக்கத் தொடங்கும். அளந்து அனுப்பியது உண்மையிலே சிலிண்டருக்குப் போய்ச் சேர்ந்ததா என்று பார்ப்போர் அவ்வேளையில் எவருமிலர்.

இத்தகைய வண்டி கராஜுக்கு வந்தால் நடப்பது பெரும்பாலும் நேயர்கள் அறிந்ததே. முதலிற் பிளக்குகள் மாற்றப்படும். அடுத்த கிழமை ஒட்சிசன் உணரி. அதற்கடுத்த கிழமை வளியை அளக்கும் மானி. ஒவ்வொன்றுக்கும் உரிமையாளரின் பணப்பை மெலிகிறது. கலவை மெலிந்தபடியே இருக்கிறது. ஒவ்வொரு முறையும் வண்டி சரிவந்துவிட்டதா என்று பார்க்க அதே முழுமிதியில் ஓட்டிப் பார்ப்பது எல்லாவற்றிலும் கொடியது. பழுது நீங்காத எஞ்சினுக்கு அவ்வோட்டம் ஒவ்வொன்றும் ஒரு தண்டனை.

முறையாகச் சோதிப்பவர் முதலிற் கேட்கும் கேள்வி, கலவை மெய்யாகவே மெலிந்திருக்கிறதா என்பது. புகைக்குழாயில் விகிதத்தை எண்ணிக்கையாகவே காட்டும் அகல்வீச்சு உணரி ஒன்றைப் பொருத்தி அதன் அளவைப் பதிவு செய்வர். ஆயின் உணரி எதுவாயினும் அது காண்பது ஒட்சிசனையன்றிப் பெற்றோலையன்று. டர்போ அமுக்கம் ஏறும்போது பிளக்கின் இடைவெளியைத் தீப்பொறி தாண்டுவது கடினமாகிறது. இடைவெளி அகன்றிருந்தாலோ சுருள் நைந்திருந்தாலோ ஒரு சிலிண்டர் எரியாமலே போகும். எரியாத சிலிண்டரின் ஒட்சிசன் முழுவதும் புகைக்குழாய்க்கு வரும். உணரி ‘மெலிந்த கலவை’ என்று அறிவிக்கும். அதனை நம்பிப் பெற்றோலைக் கூட்டுபவர் நோயாளிக்கு மாற்று மருந்தைக் கொடுத்தவராவார். எரியாமைக்கு அடையாளம் உண்டு. வண்டி வெட்டி வெட்டி இழுக்கும். உணரியின் அளவும் ஊசிமுனைகள்போல் எழுந்து விழும். பெற்றோல் பஞ்சத்திலோ அளவு ஒரு சாய்தளத்தில் ஏறுவதுபோல் 12, 12.6, 13.4 என்று எஞ்சினின் வேகத்தோடு ஏறிச் செல்லும்.

நொக்கிங் ஓசைக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். இலங்கையில் 92, 95 என்னும் ஒக்டேன் எண்களிற் பெற்றோல் விற்கப்படுகிறது. 95 வேண்டும் என்று செய்தவர் விதித்த டர்போ எஞ்சினுக்கு 92 இடப்பட்டால், கலவை சரியாக இருந்தும் அவ்வோசை எழலாம். தொட்டியில் இருப்பது என்னவென்று முதலிலே கேட்டு அறிவதற்குச் செலவு ஏதுமில்லை.

மெலிவு மெய்யென்று துணிந்தபின் அடுத்த கருவி அமுக்கமானி. இங்கேதான் பெரும்பாலோர் வழுக்கி விழுகின்றனர். வண்டியை நிறுத்தி, எஞ்சினை மெல்ல ஓடவிட்டு, பெற்றோற் குழாயில் மானியைப் பூட்டி, அமுக்கம் சரியென்று கண்டு, பம்பி நல்லதென்று தீர்ப்பளித்துவிடுவர். அத்தீர்ப்பின் பெறுமதி யாது? நின்ற நிலையில் எஞ்சின் குடிக்கும் பெற்றோல் மணித்தியாலத்துக்கு ஏறக்குறைய ஒரு லீற்றர். அதே எஞ்சின் முழு வலுவில், ஆறாயிரம் சுற்றில், நிமிடத்துக்கே ஒரு லீற்றருக்கு மேல் குடிக்கும். அறுபது மடங்குக்கும் கூடிய வேறுபாடு! குடம் ஒன்றை நிரப்பக் கண்ட கிணறு வயல் முழுவதற்கும் பாயுமென்று சொல்வதற்கும் இத்தீர்ப்புக்கும் பேதமில்லை. பழுது தோன்றும் வேளையில், தோன்றும் சுமையில் அளந்தாலன்றி அமுக்கமானி எதையும் மெய்ப்பிக்காது. இதனைப் பொதுத் தெருவிற் செய்தலாகாது. சக்கரங்களை உருளைகளின் மேல் ஏற்றிச் சுமை கொடுக்கும் சோதனை மேடையிலேயே செய்தல் வேண்டும். மெலிவு தோன்றிய கணத்திலேயே காலை எடுத்துவிடுவதும் வேண்டும்.

மானியில் எதிர்பார்க்க வேண்டிய அளவு யாது? அமுக்கத்தை அளக்கும் ‘பார்’ என்னும் அலகு கடல்மட்ட வளிமண்டல அமுக்கத்துக்கு ஏறக்குறையச் சமமானது. பெற்றோலைப் பீச்சும் இன்ஜெக்டரின் ஒரு புறத்திற் பெற்றோல் அமுக்கமும் மறுபுறத்தில் உறிஞ்சற் குழாயின் வளி அமுக்கமும் உள்ளன. இவ்விரண்டின் வேறுபாடு எப்போதும் 3 பார் இருக்குமாறு அமுக்கச் சீராக்கி ஒன்று காவல் புரிகிறது. இதற்காக உறிஞ்சற் குழாயிலிருந்து ஒரு மெல்லிய றப்பர்க் குழாய் அச்சீராக்கிக்குச் செல்லும். நின்ற நிலையில் அங்கு வெற்றிடம் நிலவுவதால் மானி 2.4 பார் அளவில் நிற்கும், டர்போ 0.8 பார் ஊதும்போது மானி 3.8 காட்ட வேண்டும். டர்போ எவ்வளவு ஏறுகிறதோ அவ்வளவும் பெற்றோல் அமுக்கம் ஏறவேண்டும் என்பதே விதி.

அந்த 3.8க்குப் பதிலாக மானி 2.8 வரை விழுந்தது என்று வைத்துக்கொண்டால், இன்ஜெக்டரின் இருபுற வேறுபாடு 3 பாரிலிருந்து 2 பாராகக் குறைந்துவிடுகிறது. பாயும் அளவு அமுக்க வேறுபாட்டின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. ஆதலின் பெற்றோல் மூன்றிலொரு பங்கு குறையாமல் ஏறத்தாழ 18 வீதமே குறையும். 12 ஆக இருக்க வேண்டிய விகிதம் 14.7 ஆகிவிடும். இவ்வெண்ணை நேயர்கள் முன்னரே கேட்டனர். சமதரையில் எஞ்சினுக்கு உகந்த அதே எண் இது. புத்தகத்திற் படித்ததை மட்டும் கொண்டு பார்ப்பவர் ‘விகிதம் மிகச் சரியாக உள்ளதே’ என்று மகிழவும் கூடும். முழு அமுக்கத்தில் அதுவே பிஸ்டனை உருக்கும் எண்.

மானியின் நடத்தையை உற்றுநோக்கினால் காரணம் பெரும்பாலும் தானே வெளிப்படும். டர்போ ஏறியும் மானி 3 பாரிலேயே அசையாது நின்றால், சீராக்கிக்குச் செல்லும் மெல்லிய குழாய் கிழிந்திருக்கும் அல்லது கழன்றிருக்கும். சில ரூபாய் பெறுமதியான றப்பர்த் துண்டு அது. மானி ஒழுங்காக ஏறி, பின்னர் எஞ்சினின் வேகம் கூடக்கூடத் தாழ்ந்துவந்தால், பம்பியால் அளவை ஈடுகொடுக்க முடியவில்லை என்பது பொருள். உடனே பம்பியை மாற்றிவிடுதல் இங்கும் அவசரமே. பம்பி ஒரு மின்மோட்டார். அதற்கு வந்து சேரும் மின்சாரம் எவ்வளவு என்று பார்த்தல் முதற்கடன். பற்றறியில் 13.8 வோல்ற்று இருக்க, பம்பியின் முனையில் 11 வோல்ற்றே இருந்தால், புதிய பம்பியும் பழையதைப் போலவே சோரும். இடைவழியில் அரை வோல்ற்றுக்கு மேல் இழக்கப்பட்டால், கருகிய றிலே, துருப்பிடித்த நில இணைப்பு, மெலிந்த கம்பி ஆகியவற்றைத் தேட வேண்டும். இச்சோதனையும் பம்பி சுமையோடு ஓடும்போதே செய்யத்தக்கது. கம்பியைக் கழற்றி வைத்து அளந்தால் முழு வோல்ற்றும் தோன்றி ஏமாற்றும்.

மின்சாரம் குறைவற வந்தும் அமுக்கம் தாழ்ந்தால் வடிகட்டிகளைப் பார்க்கலாம். சில விநாடிகள் நன்றாயிருந்து பின் சோர்ந்து, சற்று ஓய்ந்தபின் மீண்டும் நன்றாகும் வண்டியில், தொட்டிக்குள் பம்பியின் வாயிலுள்ள வலை அடைபட்டிருத்தல் கூடும். தொட்டிக்கு வளி புகும் துவாரம் அடைபட்டிருந்தாலும் இவ்வாறே நேரும். மூடியைத் திறந்தவுடன் ‘உஸ்’ என்று வளி உள்ளே பாய்வது அதற்குச் சாட்சி. எல்லாவற்றிலும் கள்ளத்தனமானது தொட்டிக்குள் இருக்கும் ஒரு சாண் குழாய். பம்பியிலிருந்து தொட்டி மூடிவரை செல்லும் அச்சிறு குழாய் பழைய வண்டிகளில் வெடித்துப் பெற்றோலைத் தொட்டிக்குள்ளேயே சிந்தும். வெளியே ஒழுக்கும் இல்லை, மணமும் இல்லை. நின்ற நிலையிற் பம்பியின் மிகைவலு அவ்விழப்பை மறைத்துவிடும். முழுமிதியில் மட்டுமே குட்டு உடையும். புதுப் பம்பி வாங்கிப் பழைய குழாயிலேயே பூட்டிவிட்டு, பம்பி தரமற்றதென்று கடைக்காரருடன் வழக்காடுவோரும் உண்டு.

அமுக்கம் கடைசிவரை 3.8இல் உறுதியாக நின்றும் கலவை மெலிந்தால், பார்வையை வேறு பக்கம் திருப்ப வேண்டும். எஞ்சின் ஆறாயிரம் சுற்றில் ஓடும்போது ஒரு முழுத் தொழிற்சுற்றுக்கு உள்ள காலம் 20 மில்லி விநாடி மாத்திரமே. இன்ஜெக்டர் அதில் 18 மில்லி விநாடி திறந்தே இருக்கிறதென்று கணினி காட்டினால், அதன் கொள்திறன் தீர்ந்துவிட்டது. டர்போவின் அமுக்கத்தைக் கூட்டிவிட்டுப் பழைய இன்ஜெக்டர்களையே வைத்திருக்கும் வண்டிகளுக்கு இது பொதுவான நோய். மாறாக, திறந்திருக்கும் காலம் குறைவாக இருந்தால், குறைந்த வளியே வருகிறதென்று கணினி நம்புகிறது என்பது பொருள். வளியை அளக்கும் மானியின் சூட்டுக்கம்பியில் அழுக்குப் படிந்திருக்கலாம். அல்லது மானிக்கும் டர்போவுக்கும் இடையிலுள்ள றப்பர்க் குழாய் வெடித்து, அளக்கப்படாத வளி திருட்டுத்தனமாய் நுழையலாம். டர்போவுக்குப் பின்னால் உள்ள வெடிப்போ நேர்மாறானது. அளந்த வளி அங்கே வெளியே தப்பியோடுவதால் முழுமிதியிற் கலவை செறிந்து கரும்புகை எழுமேயன்றி மெலியாது. குழாயில் ஓட்டையென்றால் மெலிந்த கலவை என்று மனனம் செய்து வைத்திருப்போர் இவ்வேறுபாட்டைக் கருதுதல் நன்று. மேற்கூறியது வளிமானி உள்ள வண்டிகளுக்கே பொருந்தும். உறிஞ்சற் குழாயின் அமுக்கத்தைக் கொண்டு வளியைக் கணிக்கும் வண்டிகளில் இவ்வடையாளங்கள் இரா. சிலிண்டருக்குள் நேராகவே பெற்றோலைப் பீச்சும் பிற்கால எஞ்சின்களில் நூறு பாருக்கு மேற்பட்ட அமுக்கம் தரும் இரண்டாவது பம்பி ஒன்று உண்டு. அங்கும் முதலிற் சோதிக்கத்தக்கது அதற்கு உணவளிக்கும் தொட்டிப் பம்பியே. உயரமுக்கப் பகுதியை உரிய கருவியும் பயிற்சியும் இல்லாதோர் தொடுதல் உயிருக்கு ஆபத்து.

ஒரே உணரி நான்கு சிலிண்டர்களின் புகையையும் கலந்து பார்ப்பதால் அது சொல்வது சராசரியே. மூன்று சிலிண்டர்கள் 12இல் இருக்க ஒன்று மட்டும் 14.5இல் வாடினால், உணரி 12.5 என்று அமைதியாகச் சொல்லும். அந்த ஒன்றின் இன்ஜெக்டர் அடைபட்டிருக்கக் கூடும். இதனைக் காட்டிக்கொடுப்பவை பிளக்குகள். முழுச்சுமைச் சோதனை முடிந்த கணமே எஞ்சினை நிறுத்தி, ஆறியபின் நான்கையும் கழற்றி, சிலிண்டர் வரிசை மாறாமல் ஒரு வெள்ளைத் துணியில் அடுக்கிப் பார்ப்பர். எஞ்சினை மெல்ல ஓட்டிக்கொண்டே கராஜுக்குத் திரும்பியபின் கழற்றினால் சாட்சியம் அழிந்துவிடும். மூன்று பிளக்குகள் இளம் பழுப்பாயிருக்க ஒன்று சுண்ணாம்பாய் வெளுத்து, அதன் வெண்களிமண்மேல் மிளகுத்தூள் தூவினாற்போல் மினுங்கும் பொடிகள் தென்பட்டால், அப்பொடிகள் பிஸ்டனிலிருந்து வந்த அலுமினியம். அவ்வண்டியை அதற்குமேல் ஓட்டாமல், சிலிண்டர்களின் அமுக்கத்தை அளந்து பார்த்து, வேண்டுமாயின் எஞ்சினைத் திறக்க வேண்டியதே.

பழுது நீக்கியபின் சோதனையைத் திரும்பச் செய்தல் வேண்டும். முன்னர் செய்த அதே கியரில், அதே சுமையில், அதே சுற்றுவரை. ஆனால் இம்முறை டர்போவின் அமுக்கத்தைக் குறைத்து வைத்துத் தொடங்கி, பெற்றோல் அமுக்கமும் அதற்கு ஒப்ப ஏறுவதைக் கண்டு, படிப்படியாக முழு அளவுக்குக் கொண்டுவருவர். மானி 3.8இலும் விகிதம் 12க்கு அண்மையிலும் ஆறாயிரம் சுற்றுவரை நின்றால், புதிய பிளக்குகள் நான்கைப் பூட்டி வண்டியை உரிமையாளரிடம் ஒப்படைக்கலாம்.